அது வெள்ளைக்காரன் காலத்து எஞ்சினா?

தம்பி, படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். விடுமுறையில் மகனோடு வெளியூர் போன இடத்தில், ஒரு ரயில் நிலைய வாசலில் மேடை கட்டி நிறுத்திவைத்திருந்த நீராவி எஞ்சினைப் பார்த்து, படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அதன் பக்கவாட்டில் ‘ஒய்.பி.’ என்று ஆங்கில எழுத்தும், 2இல் தொடங்கும் நான்கு இலக்க எண்ணும் இருந்தன. விளக்கப் பலகையிலோ ‘பழங்கால நீராவி எஞ்சின்’ என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. பையன் நான்கு கேள்வி கேட்டிருக்கிறான். இது வெள்ளைக்காரன் காலத்து எஞ்சினா? நம் மதுரைப் பக்கம் ஓடியிருக்குமா? தாத்தா சொல்லும் போட் மெயிலை, கொழும்புக் கப்பலுக்கு ஆளேற்றிப் போன அந்த ரயிலை, இழுத்திருக்குமா? மறுபடி ஓடுமா?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லலாம்: இல்லை. வெள்ளைக்காரன் கப்பலேறிப் போன பிறகுதான் அந்த வகையே பிறந்தது. 1949இல் தொடங்கி 1970 வரை மொத்தம் 871 எஞ்சின்களைக் கட்டினார்கள். எண்கள் 2000 முதல் 2870 வரை. கடைசியாக வந்தவை என்னைவிட இளையவை. நானே இன்னும் பழங்காலத்தில் சேரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் எழுத்தில் ‘ப’ ஒன்றுதான் என்பதால் வரும் குழப்பம் இது. 1920களின் இறுதியில் வந்த இன்னொரு மீட்டர் கேஜ் பயணிகள் எஞ்சின் வகையும் தமிழில் எழுதினால் ‘ஒய்.பி.’தான். அதில் வருவது ஆங்கில வரிசையின் இரண்டாம் எழுத்து. உங்கள் படத்தில் இருப்பது பதினாறாம் எழுத்து. சக்கர அமைப்பும் இரண்டுக்கும் ஒன்றே. தமிழில் மட்டும் படித்துவிட்டுச் சிலர் இரண்டையும் ஒன்றாக்கி, 1950களில் பிறந்த எஞ்சினுக்கு 1928 என்று வயது போட்டுவிடுகிறார்கள். உங்கள் எஞ்சின் பதினாறாம் எழுத்துக்காரன். சுதந்திர இந்தியாவின் பிள்ளை. இனி இந்தப் பதிலில் ஒய்.பி. என்றால் அதுதான்.

எழுத்துக்குப் பொருள் இருக்கிறது. முதல் எழுத்து தண்டவாளத்தின் அகலத்தைச் சொல்லும். ‘ஒய்’ என்றால் மீட்டர் கேஜ், இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1000 மில்லிமீட்டர். ‘டபிள்யூ’ என்றால் அகலப் பாதை, 1676 மில்லிமீட்டர். இரண்டாம் எழுத்து வேலையைச் சொல்லும்: ‘பி’ பயணிகள் வண்டிக்கு, ‘ஜி’ சரக்கு வண்டிக்கு, ‘எல்’ இலேசான கிளைப் பாதைக்கு. ஒய்.பி., ஒய்.ஜி., ஒய்.எல். மூன்றும் உலகப் போருக்குப் பிறகு இந்தியாவின் மீட்டர் கேஜுக்கென்று வரைந்த உடன்பிறப்புகள்.

பயணிகள் எஞ்சினுக்கும் சரக்கு எஞ்சினுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எழுத்தே தேவையில்லை, சக்கரம் போதும். ஒய்.பி.யின் முன்னால் நான்கு சிறு சக்கரங்கள், நடுவே ஆறு பெரிய சக்கரங்கள், பின்னால் இரண்டு சிறியவை. பெரிய சக்கரத்தின் விட்டம் 1372 மில்லிமீட்டர், அதாவது நாலரை அடி. ஒய்.ஜி.யில் பெரிய சக்கரம் எட்டு இருக்கும். விட்டம் நான்கு அடிதான். நாலரை அடிச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 4.31 மீட்டர் உருளும். ஒரு கிலோமீட்டருக்கு 232 சுற்று. நான்கடிச் சக்கரம் அதே தூரத்துக்கு 261 தடவை சுற்ற வேண்டும். வேகத்துக்கு முதலாவது, பாரத்துக்கு இரண்டாவது. பஸ்ஸுக்கும் டிராக்டருக்கும் உள்ள வித்தியாசம் என்று பையனுக்குச் சொல்லலாம்.

பின்னால் இருக்கிற அந்த இரண்டு சிறு சக்கரங்களைத்தான் யாரும் கவனிப்பதில்லை. எனக்கு அவைதான் பிடிக்கும். நம் நாட்டுக் கரியில் சாம்பல் அதிகம். இங்கிலாந்துக் கரிபோல் கொஞ்சம் போட்டால் நிறைய எரியாது. அகலமான அடுப்பில் பரத்திப் போட்டால்தான் வேண்டிய நீராவி வரும். அடுப்பைப் பெரிய சக்கரங்களுக்கு நடுவே திணித்தால் அகலம் கிடைக்காது. அதனால் சக்கரங்களுக்குப் பின்னால் தள்ளி, கரியைப் பரப்பும் 28 சதுர அடி இரும்புத் தட்டியோடு விரித்துக் கட்டி, அந்தப் பாரத்தைத் தாங்க இரண்டு சிறு சக்கரங்களைக் கீழே கொடுத்தார்கள். நம் கரியின் குணம் அந்த எஞ்சினின் உருவத்திலேயே இருக்கிறது.

1970 வரை ஏன் கரி எஞ்சின் கட்டினார்கள், உலகம் டீசலுக்கு மாறிக்கொண்டிருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். நம்மிடம் கரி இருந்தது, எண்ணெய் இல்லை. கரி எஞ்சினைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகள், எஞ்சின்களை நிறுத்திப் பராமரிக்கும் ஒவ்வொரு ஷெட்டிலும் இருந்தன. போர்க்காலத்தில் ஓட்டி ஓட்டித் தேய்ந்த பழைய எஞ்சின்களுக்குப் பதிலாக அவசரமாக நூற்றுக்கணக்கில் வேண்டியிருந்தன. முதலில் கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ், மியூனிக்கின் கிராஸ்-மஃபை போன்ற வெளிநாட்டு நிறுவனங்கள் கட்டிக் கொடுத்தன. பிறகு ஜாம்ஷெட்பூரில் டெல்கோ கட்டியது. ஆம், லாரியில் பெயர் பார்க்கிறோமே, அந்த டாடா நிறுவனம்தான். ஆகவே உங்கள் எஞ்சின் ஜாம்ஷெட்பூரில் பிறந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கட்டிய நிறுவனமும் ஆண்டும் பொறித்த பித்தளைத் தகடு உடம்பில் எங்காவது இருக்க வேண்டும். காட்சிக்கு நிறுத்திய எஞ்சின்களில் முதலில் காணாமல் போவதும் அதுதான்.

இனி மதுரைக்கு வருகிறேன்.

மதுரைக்கு ரயில் வந்தது 1875இல், திருச்சியிலிருந்து. அடுத்த ஆண்டே அது தூத்துக்குடி வரை போய்விட்டது. போட்டது தென்னிந்திய ரயில்வே. அது 1874இல் உருவானது. எல்லாம் மீட்டர் கேஜ். தொடக்க காலத்தில் எஞ்சினுக்கு விறகைப் போட்டு எரித்திருக்கிறார்கள். 1951இல் தென்னிந்திய ரயில்வே தெற்கு ரயில்வேக்குள் சேர்ந்தது. 1956இல் மதுரைக் கோட்டம் பிறந்தது. அந்தக் காலத்தில்தான் ஒய்.பி.க்கள் தெற்கே நிறைந்தன. எஞ்சின் எந்த ஷெட்டைச் சேர்ந்தது என்பதை உடம்பில் எழுதிவைப்பார்கள்: எம்.டி.யு. என்றால் மதுரை, டி.இ.என். என்றால் திருநெல்வேலி, வி.பி.டி. என்றால் விருதுநகர், டி.பி.ஜே. என்றால் திருச்சி. உங்கள் படத்தில் முன்பக்கச் சிவப்புக் கட்டையைப் பெரிதாக்கிப் பாருங்கள். புதுப் பெயின்ட்டுக்கு அடியில் பழைய எழுத்தின் மேடு சில சமயம் தெரியும்.

என் அப்பா அந்த எம்.டி.யு. ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்தவர். எஞ்சினைத் துடைப்பதுதான் வேலை. பிறகு பயர்மேன் ஆனார், டிரைவராக ஓய்வுபெற்றார். நாங்கள் அரசரடி ரயில்வே காலனியில் வளர்ந்தோம். நான் வேலையில் சேர்ந்தபோது டீசல் வந்துவிட்டது. ஆனாலும் பத்து வயதுப் பையனாகச் சோற்றுத் தூக்கோடு ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தவை இன்னும் கண்ணில் நிற்கின்றன.

குளிர்ந்து கிடக்கும் எஞ்சினுக்கு நெருப்பு மூட்டுவதை ‘லைட்-அப்’ என்பார்கள். முதலில் பழைய எண்ணெய்த் துணி, அதன் மேல் விறகு, அதன் மேல் கரி. அவசரப்பட்டால் ஆபத்து. பாய்லருக்குள் தகடுகளைப் பிணைத்திருக்கும் நூற்றுக்கணக்கான ‘ஸ்டே’ கம்பிகள் இருக்கின்றன. ஒரு பக்கம் சூடேறி விரிந்து, மறு பக்கம் குளிர்ந்தே கிடந்தால் அவை முறியும். அதனால் மணிக்கணக்காகச் சிறுகச் சிறுகச் சூடேற்ற வேண்டும். விடியற்காலை வண்டிக்கு முந்தின மாலையே மூட்டிவிடுவார்கள். இரவில் ஷெட்டுக்குள் நுழைந்தால் இருட்டில் நான்கைந்து எஞ்சின்கள் மெல்லச் சீறிக்கொண்டு நிற்கும். அப்பா அதைத் ‘தூங்குற மாடு மூச்சு விடுறது’ என்பார்.

பயர்மேன் என்றால் கரி அள்ளிப் போடுபவர் என்று மட்டும் நினைக்கிறார்கள். அள்ளுவது யாருக்கும் வரும். எங்கே போடுவது என்பதில்தான் வித்தை. அடுப்பின் பின் மூலைகளில் கொஞ்சம் கனமாக, நடுவே மெல்லியதாக, ஒவ்வொரு மண்வெட்டியும் ஒவ்வோர் இடத்தில். கதவைத் திறந்து வைத்திருக்கும் நேரம் குறைய வேண்டும். குளிர்ந்த காற்று உள்ளே புகுந்தால் நீராவி இறங்கும். ஒய்.பி.யின் பாய்லர் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு அழுத்தத்தில் வேலை செய்யும். முள் 210ஐ ஒட்டியே நிற்க வேண்டும், ஆனால் தாண்டவும் கூடாது. தாண்டினால் சேஃப்டி வால்வு திறந்து, அள்ளிப்போட்ட கரி காசு ஆகாயத்துக்குப் போகும். புகைப்போக்கியில் கரும்புகை வந்தால் வேடிக்கை பார்ப்பவர்களுக்கு அழகு. டிரைவர் திரும்பிப் பார்த்து முறைப்பார், ஏனென்றால் அது எரியாத கரி.

புகைப்போக்கியிலிருந்து வரும் அந்த ‘குச் குச்’ ஓசையை எல்லாரும் நடித்துக் காட்டுகிறோமே, அது வெறும் சத்தமில்லை. சிலிண்டரில் வேலை முடித்த நீராவி புகைப்போக்கி வழியே பீறிட்டு வெளியேறும்போது, அடுப்பின் அனலையும் புகையையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்பில் அடுப்புக்குள் புதுக் காற்று பாயும், நெருப்பு ஓங்கும். பாரம் கூடினால் பீறிடல் பலமாகும், நெருப்பும் தானாகவே பலமாகும். எஞ்சின் தன் நெருப்பைத் தானே ஊதிக்கொள்கிறது. இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு ‘குச்’. மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒய்.பி. போனால் நொடிக்குப் பதினைந்து. அந்த வேகத்தில் தனித்தனியாகக் கேட்காது, ஒரே அதிர்வாகத்தான் கேட்கும்.

அந்த ஓசை தனித்தனியாகக் கேட்க வேண்டுமானால் போடி பாதைக்குத்தான் போக வேண்டும். மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூருக்கு 90 கிலோமீட்டர். 1928இல் திறந்த பாதை. இரண்டாம் உலகப் போரில் இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். 1950களில் மீண்டும் போட்டார்கள். ஏலக்காயும் பஞ்சும் ஆட்களுமாகப் போய் வந்த பாதை. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிப்பட்டிக் கணவாயில் ஏறும்போது எஞ்சின் ஒவ்வொரு ‘குச்’சையும் எண்ணி எண்ணி விடும். மழை தூறிவிட்டால் சக்கரம் வழுக்கும். சட்டென்று நான்கைந்து வேக ஓசை, பிறகு ஒரு மௌனம், மறுபடி மெதுவாக ஆரம்பம். தண்டவாளத்தில் மணல் தூவும் குழாய் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும். பையன் அடுத்த முறை பார்க்கட்டும். மணல் ஈரமாக இருந்தால் குழாயில் இறங்காது. அதனால் ஷெட்டில் மணலை வறுத்துக் காயவைத்து ஏற்றுவார்கள். அடுப்பில் அரிசி வறுப்பது போல ரயில்வேயில் மணல் வறுத்தார்கள் என்றால் இன்று யாரும் நம்புவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றைப் பாதையில் எதிரே வண்டி வராது என்பதற்கு உத்தரவாதம் ‘டோக்கன்’. அது ஓர் இரும்புப் பந்து, தோல் பையில் போட்டுப் பெரிய பிரம்பு வளையத்தில் மாட்டியிருக்கும். நிற்காமல் போகும் நிலையத்தில் போர்ட்டர் வளையத்தை உயர்த்திப் பிடித்து நிற்பார். பயர்மேன் படியில் இறங்கிக் கையை மடக்கி நீட்டுவார். வளையம் முழங்கை மடிப்பில் வந்து விழும், அடித்துக்கொண்டு. என் அப்பாவின் கையில் அந்த இடத்தில் தோல் காய்த்துப் போயிருந்தது. ஓய்வுபெற்றுப் பல வருஷம் கழித்தும், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது அது தெரியும்.

ஆக, ஒய்.பி. வகை மதுரைப் பக்கம் ஓடியதா என்றால், ஓடியது. உங்கள் எஞ்சின் ஓடியதா? இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இருக்கிறது.

‘உங்கள் எஞ்சின்’ என்று ஒன்று கிடையாது.

சில வருஷங்களுக்கு முன் காட்சிக்கு நின்ற வேறோர் எஞ்சினை, ஊர் வேண்டாம், ஒரு மாலை முழுவதும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். டிரைவர் நிற்கும் அறையின் பக்கவாட்டில் ஓர் எண். சக்கரங்களை இணைக்கும் நீள இரும்புத் தண்டில், வழவழப்பான பாகத்தில் பெயின்ட் உதிர்ந்த இடத்தில், சுத்தியால் அடித்துப் பொறித்த சின்ன எண் தெரிந்தது. அது வேறு எண். கொஞ்சம் மேலே, நீராவியைச் சிலிண்டருக்குள் முன்னும் பின்னும் மாற்றி விடும் கியரில் மூன்றாவதாக ஓர் எண். எழுதிவைத்த பலகைக்காரர் முதல் எண்ணை மட்டும் பார்த்து ஒரு வரலாறு எழுதியிருந்தார். மற்ற இரண்டு எஞ்சின்களும் எங்கே போயினவோ, அவற்றின் கையும் காலும் இங்கே நிற்கின்றன.

இது மோசடி இல்லை, அன்றாட வழக்கம். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை எஞ்சின் பெரிய பராமரிப்புக்குப் பொன்மலைக்குப் போகும். 1928இல் தொடங்கிய பணிமனை அது. அங்கே எஞ்சினைப் பிரித்துப் பாய்லரை ஒரு பக்கம், அடிச்சட்டத்தை ஒரு பக்கம், சக்கரங்களை ஒரு பக்கம் அனுப்பிவிடுவார்கள். பாய்லர் வேலைதான் அதிக நாள் பிடிக்கும். சட்டமும் சக்கரமும் தயாரான பிறகு பாய்லருக்காகக் காத்துக்கிடந்தால் ஷெட்டில் எஞ்சின் பற்றாக்குறை வரும். அதனால் முன்பே சரிபார்த்துத் தயாராக இருக்கும் வேறொரு ஒய்.பி. பாய்லரைத் தூக்கிவைத்து அனுப்பிவிடுவார்கள். 871 எஞ்சின்களையும் ஒரே வரைபடத்தில் கட்டியதன் பயனே இதுதான்: எது எதிலும் பொருந்தும். ஷெட்டிலும் அப்படியே. ஓர் எஞ்சின் பெரிய பழுதில் கிடந்தால் அதன் தண்டும் பம்பும் இன்ஜெக்டரும் அடுத்த வாரம் மற்ற மூன்று எஞ்சின்களில் ஓடிக்கொண்டிருக்கும். எண் பலகை எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ அதுதான் அந்த எஞ்சின் என்பது கணக்குக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு.

இருபது வருஷம் ஓடி நான்கைந்து பெரிய பராமரிப்பு கண்ட ஒய்.பி.யில், பிறந்தபோது இருந்த பாய்லரே இருந்தால் அது அதிசயம். ஆகவே வாசலில் நிற்கும் எஞ்சினின் சட்டம் வடக்கே எங்கோ ஓடியிருந்தாலும், அதன் பாய்லரோ கைத்தண்டோ ஒரு காலத்தில் ஆண்டிப்பட்டிக் கணவாயில் மூச்சு வாங்கியிருக்கலாம். பையன் ‘இது மதுரையில் ஓடியதா’ என்று கேட்டால், ‘எந்த பாகம்’ என்று திருப்பிக் கேளுங்கள். பிறகு இருவருமாக எண் தேடுங்கள்.

‘அப்படியானால் நிஜமான பழைய எஞ்சின் என்று எதுவுமே இல்லையா’ என்று தோன்றும். நாட்டில் பாதுகாத்துவைத்த பயணிகள் எஞ்சின்களில் மூத்தவை இரண்டு. இரண்டும் 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டியவை. ஒன்று ‘ஃபேரி குயின்’ என்று பெயர் பெற்ற கிழக்கிந்திய ரயில்வேயின் 22. மற்றது அதன் சகோதரி 21. சென்னை ராயபுரத்திலிருந்து தெற்கின் முதல் ரயில் புறப்பட்டது 1856இல்தான். மதுரை அதற்குப் பிறகு இன்னும் பத்தொன்பது வருஷம் மாட்டுவண்டியில் போனது. அப்படிப்பட்ட 21, ஓய்வுபெற்ற பின் நூறு வருஷத்துக்கும் மேல் சும்மா நின்று கூடாகிப் போயிருந்தது. அதை 2010இல் ஓடவைத்தது நம் பெரம்பூர் லோகோ பணிமனை. இல்லாத பாகங்களைப் புதிதாகச் செய்து, அந்தக் காலத்தில் இல்லாத பிரேக்கும் சேர்த்து ஓட்டிக் காட்டினார்கள். அதைப் பழைய எஞ்சின் என்பதா, புது எஞ்சின் என்பதா? அருங்காட்சியகக்காரர்கள் சண்டை போடட்டும். ஷெட்டில் வளர்ந்த எனக்கு அதில் குழப்பமே இல்லை. எஞ்சின் என்பதே மாற்றி மாற்றி ஓட்டுகிற சாமான்.

போட் மெயில் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லலாம், ஏனென்றால் ஆண்டுகளே பாதியைச் சொல்லிவிடும். முதலில் கொழும்புக் கப்பல் தூத்துக்குடியில் ஏறுவது; அப்போது வண்டி மதுரை வழியாகப் போனது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று மாறியது. 1930 வாக்கில் திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரைக்குப் பாதை வந்தபின், போட் மெயில் மதுரைக்குள் வர வேண்டிய தேவையே போயிற்று. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. ஒய்.பி. பிறந்ததோ 1949இல். ஆக, கப்பலோடு சேர்ந்த நிஜப் போட் மெயிலை இழுக்க அந்த வகைக்குக் கிடைத்தது பதினைந்து வருஷம். உங்கள் எஞ்சினின் தகட்டில் 1964க்குப் பிந்திய ஆண்டு இருந்தால் தாத்தாவிடம் மெதுவாகச் சொல்லிவிடுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் பாய்லர் கதையைச் சொல்லிச் சமாதானம் செய்யலாம். பாய்லர் பழையதாக இருக்க வாய்ப்பு உண்டு.

பிறகு டீசல் வந்தது. மதுரைக்காரர்களுக்கு அது வந்ததை அறிவித்தது 1977 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸ். சென்னைக்கு ஏழு மணி நேரச் சொச்சத்தில் பகலிலேயே போய்ச் சேர்த்தது, அதுவும் மீட்டர் கேஜில். அதைப் பார்த்த அன்றே கரி எஞ்சின் காலம் முடிந்தது என்று அப்பா சொன்னார். கசப்பாகச் சொல்லவில்லை. கோடையில் பாய்லர் முன் நின்றவருக்கு டீசலின் மூடிய அறையும் உட்கார இருக்கையும் எப்படி இருந்திருக்கும்! நீராவியை நினைத்து உருகுகிறவர்களில் அதில் வேலை பார்த்தவர்கள் குறைவு. எக்ஸ்பிரஸ்களை விட்டு, பாசஞ்சர்களை விட்டு, கடைசியில் யார்டில் பெட்டி தள்ளும் வேலைக்கு ஒய்.பி.க்கள் இறங்கின. நாட்டில் அகலப் பாதையில் 1995இலும், மீட்டர் கேஜில் சில வருஷம் கழித்தும் நீராவியின் வழக்கமான ஓட்டம் நின்றுபோனது. பெரும்பாலானவற்றை எடைக்குப் போட்டு, காஸ் வெட்டுக்காரர்கள் வெட்டி எடுத்தார்கள். யாராவது ஓர் அதிகாரிக்கு மனசு வந்த இடத்தில், வெட்டுவதற்கு முன் ஒன்று மேடை ஏறியது. உங்கள் எஞ்சின் பிழைத்ததற்கு அது சிறந்த எஞ்சினாக இருந்தது காரணமாக இருக்க வேண்டியதில்லை. அந்த வாரம் எது கையருகே நின்றதோ அது.

மேடையில் நிற்பதும் சுகவாழ்வு இல்லை. ஓடும்போது கறுப்பாக இருந்ததற்கு இப்போது சிவப்பு, மஞ்சள், சில இடங்களில் நீலமும் பூசிவிடுகிறார்கள். புகைப்போக்கிக்கு மூடி போடாமல் விட்டுவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி முன்பக்க அறையின் அடித்தட்டில் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளே விரல் நுழையும் ஓட்டை. பித்தளைக் குழாய், அழுத்த முள், விசில் எல்லாம் முதல் வருஷத்திலேயே இரும்புக் கடைக்குப் போயிருக்கும். ஒரு முக்கியமான விஷயம்: பாய்லரைச் சுற்றியிருக்கும் மெல்லிய தகடு கிழிந்து, உள்ளே வெள்ளையாகப் பஞ்சுபோல் ஏதாவது தெரிந்தால் பையனைத் தொட விடாதீர்கள். சூடு வெளியேறாமல் இருக்க அந்தக் காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் போர்த்துவது வழக்கம். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு.

மறுபடி ஓடுமா என்ற கடைசிக் கேள்வி. எஞ்சினைச் சரிசெய்வது முடியாத காரியமில்லை. நீலகிரி மலை ரயிலுக்காகப் பொன்மலையில் 2010களில்கூடப் புதிய நீராவி எஞ்சின்களைக் கட்டியிருக்கிறார்கள், கை மறந்துபோகவில்லை. பாய்லரின் ஒவ்வொரு குழாயையும் மாற்றி, ஒவ்வொரு ஸ்டே கம்பியையும் சுத்தியால் தட்டி ஓசை கேட்டு, அழுத்தச் சோதனை முடித்து, நெருப்பு மூட்டலாம். ஆனால் எதில் ஓட்டுவது? மதுரையைச் சுற்றி மீட்டர் கேஜ் என்று ஒரு முழம் தண்டவாளம் இல்லை. கடைசியாக மிஞ்சியிருந்தது அந்தப் போடி பாதைதான். அதில் வண்டி நின்றது 2010 டிசம்பர் 31. அகலப் பாதையாக்கித் தேனி வரை திரும்பக் கொண்டுவர 2022 ஆயிற்று, போடிக்கு 2023. தமிழ்நாட்டில் இன்று மீட்டர் கேஜ் உள்ளது மேட்டுப்பாளையம்–உதகை மட்டும். அந்த மலைப் பாதையில் குன்னூர் வரை பல்சக்கரம் வைத்த எஞ்சின்தான் ஏறும், ஒய்.பி. ஏறாது.

அடுத்த முறை போகும்போது ஒரு டேப் எடுத்துக்கொண்டு போங்கள். எஞ்சின் நிற்கும் அந்தத் துண்டுத் தண்டவாளத்தின் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்குப் பையனை அளக்கச் சொல்லுங்கள். சரியாக ஒரு மீட்டர் வரும். அப்படியே நிலையத்துக்குள் போய் நடைமேடை ஓரமாக நின்று, இப்போது ஓடும் பாதையைக் கண்ணால் மட்டும் அளந்து பார்க்கட்டும். பிறகு திரும்பி வந்து, சக்கரங்களை இணைக்கும் தண்டில் பெயின்ட் உதிர்ந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். எண் கிடைத்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.